திருப்பும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால்: காரணத்தைப் பிடிப்பதும் சரிசெய்வதும்

கார் நேராக ஓடும்போது ஸ்டியரிங் அமைதியாக இருக்கிறது. வளைவில் திருப்பினாலோ, பார்க்கிங்கில் ஒடித்து எடுத்தாலோ மட்டும் கையில் ஒரு நடுக்கம். இந்தப் புகாரோடு போகிற பலருக்கு முதலில் கிடைக்கிற பதில், "வீல் பாலன்சிங் பண்ணிப் பாருங்க" என்பது. காசு கொடுத்துப் பண்ணிவிட்டு வந்தாலும் நடுக்கம் அப்படியே இருக்கும். பாலன்சிங் கெட்ட, அதாவது எடை சுற்றிலும் சமமாக இல்லாத, சக்கரம் வளைவு வரட்டும் என்று காத்திருக்காது. நேர்ச்சாலையிலேயே, பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும், ஸ்டியரிங்கை உதறத் தொடங்கிவிடும். திருப்பும்போது மட்டும் வருகிற அதிர்வை வேறு இடத்தில் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? திருப்பும்போது காரில் புதிதாக என்னென்ன நடக்கிறது என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எடை வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அதனால் அந்தப் பக்கத்து டயருக்கும், சக்கரத்தைத் தடையின்றிச் சுழலவிடும் வீல் பேரிங்குக்கும் பக்கவாட்டில் அழுத்தம் கூடுகிறது. முன்சக்கரங்களைச் சுழற்றுகிற ஆக்சிலின் ஜாயிண்ட் மடங்கிய கோணத்தில் சுற்றுகிறது. ஸ்ட்ரட்டும் (ஷாக் அப்சார்பரை உள்ளடக்கிய நிமிர்ந்த தண்டு) அதைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்கும் சக்கரத்தோடு சேர்ந்து திரும்புகின்றன. பவர் ஸ்டியரிங்குக்கும் அப்போதுதான் உண்மையான வேலை வருகிறது. நேராகப் போகும்போது இவற்றில் எதுவும் பெரிதாக நடப்பதில்லை. ஆகவே இந்த நான்கில் எது கையை நடுங்க வைக்கிறது என்று பிரித்துவிட்டால், எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரியவரும். முன்சக்கர இயக்கமும் முன்னால் ஸ்ட்ரட் சஸ்பென்ஷனும் உள்ள கார்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இன்றைய சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு அதுதான்.

காரை எடுக்கவே கூடாத நிலை

சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். டயரின் பக்கச் சுவரில் வீக்கம் தெரிந்தால், சக்கர நட்டு ஒன்றாவது கையால் திருகக்கூடிய அளவுக்குத் தளர்ந்திருந்தால், ஸ்டியரிங்கைக் கொஞ்ச தூரம் திருப்பிய பிறகும் சக்கரம் அசையாமல் இருந்தால், அல்லது நேற்று லேசாக இருந்த நடுக்கம் இன்று திடீரென்று பலமாகிவிட்டால், கார் நின்ற இடத்திலேயே இருக்கட்டும். சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கிற உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வெளியே சாய்ந்துவிடும். ஸ்டியரிங்கிலிருந்து வரும் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் எண்ட் கழன்றால் அந்தப் பக்கத்துச் சக்கரம் ஸ்டியரிங்கின் பேச்சைக் கேட்காது. இரண்டுமே ஓடும்போது நடந்தால் கையில் எந்தக் கட்டுப்பாடும் மிஞ்சாது. மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.

முதல் வேலை: எப்போது நடுங்குகிறது?

கருவி எதுவும் வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத, சமமான, அகலமான ஓர் இடமும், குறித்துக்கொள்ள ஒரு தாளும் போதும். ரேடியோவையும் ஏசியையும் அணைத்துவிடுங்கள்.

1. காரை நிறுத்தி, எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். முழுதாக ஒடிந்த நிலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஆயிலில் இயங்கும் பவர் ஸ்டியரிங்கில் அந்த இடத்தில்தான் பம்ப்பின் அழுத்தம் உச்சத்துக்குப் போகும்.

2. நடை வேகத்தில், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம் போடுங்கள். பாதி வட்டம் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி, மீதி வட்டம் காலை எடுத்துவிட்டு. இதையே ரிவர்ஸிலும் செய்யுங்கள்.

3. பாதுகாப்பான சாலையில் 40 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் நீளமான வளைவு ஒன்றில் போங்கள். எந்தப் பக்கம் வளையும்போது நடுக்கமோ உறுமலோ கூடுகிறது, எந்தப் பக்கம் குறைகிறது என்று கவனியுங்கள்.

4. அதே வளைவில் பிரேக்கை மென்மையாகத் தொட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் நடுங்குகிறதா?

இந்த நான்கையும் செய்து முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும். ஆனால் நோய் கண்டறிவதில் இதைவிடப் பயனுள்ள வேலை வேறு கிடையாது. "திருப்பினால் நடுங்குது" என்று ஒர்க்ஷாப்பில் சொன்னால், அவர்கள் தங்களுக்குப் பழகிய இடத்திலிருந்து தொடங்குவார்கள். "வலப்பக்கம் முழுதாக ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மட்டும் டக் டக் என்று வருது, காலை எடுத்தால் நின்னுடுது" என்று சொன்னால், நல்ல மெக்கானிக் குனிந்து பார்க்கும் முன்பே ஆக்சில் ஜாயிண்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

ஜாக்கி போடுவதற்கு முன் டயரைப் பாருங்கள்

காற்றிலிருந்து தொடங்குங்கள். முன்டயரில் காற்று குறைவாக இருந்தால், வளைவில் அதன் பக்கச் சுவர் மடங்கி மடங்கி விரியும். அந்த இழுபறி நேராக ஸ்டியரிங்குக்கு வந்து சேரும். டயர் சூடாவதற்கு முன், காலையில் அளப்பது நல்லது. எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறமோ ஒட்டியிருக்கும் அட்டவணையில் இருக்கும். டயரின் பக்கத்தில் அச்சாகியிருக்கிற காற்றழுத்த எண் அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள்.

அப்புறம் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து வையுங்கள். சாதாரணமாகக் கண்ணில் படாத உள் விளிம்பு இப்போது தெரியும். வெளிப்பக்கம் புதிதுபோல இருந்து உள் விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருப்பது மிகச் சாதாரணம். தேய்ந்த இடத்தில் கம்பி வலை தெரிந்தால் டயர் முடிந்துபோனது என்று அர்த்தம். முதலில் நன்றாகப் பார்த்து, கம்பி நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக, வெளியிலிருந்து உள்ளே, பிறகு உள்ளேயிருந்து வெளியே தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், எதிர்த் திசையில் சுரசுரவென்று கையைப் பிடித்தால், அலைன்மெண்ட்டில் டோ கோணம் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கிற அளவு) விலகியிருக்கிறது. டயரின் ஓட்டத்தை ஒட்டித் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால், ஷாக் அப்சார்பர் தளர்ந்து, சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. ஓர் அறிமுகமும் இல்லாதவருக்குக்கூட இந்தச் சோதனை உடனே பிடிபடும். கண் தவறவிடுவதைக் கை சொல்லிவிடும்.

அலைன்மெண்ட் கோணம் தவறியிருப்பதால் மட்டும் நேரடியாக நடுக்கம் வருவது அரிது. அது டயரைக் கோணலாகத் தேய்க்கிறது, தேய்ந்த டயர்தான் நடுங்குகிறது. எனவே இப்போது அலைன்மெண்ட் செய்தாலும், ஏற்கெனவே கெட்டுப்போன டயர் சரியாகிவிடாது. டயர்தான் காரணமா என்று சந்தேகம் இருந்தால், முன்டயர்களைப் பின்னாலும் பின்டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். டயரில் சுழலும் திசை அம்புக்குறி இருந்தால், இட வலம் மாற்றாமல் அதே பக்கத்தில் மட்டும் முன் பின் மாற்றுங்கள். முன், பின் டயர் அளவுகள் வேறுபடும் கார்களுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது. மாற்றிய பிறகு கையில் இருந்த நடுக்கம் இருக்கைக்குப் போய்விட்டால் விஷயம் முடிந்தது.

சக்கரத்தைக் கழற்றும்போதே இன்னும் இரண்டைப் பார்த்துவிடலாம். சக்கரம் உட்கார்கிற ஹப்பின் முகத்தில் துரு கெட்டியாகப் படிந்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். துருவின் மேல் உட்கார்ந்த சக்கரம் கொஞ்சம் சாய்ந்தே சுழலும். மற்றொன்று, வீல் ஆர்ச்சின் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பு. கிளிப் கழன்று தொங்கினாலோ, அளவுக்கு மீறிய டயர் போட்டிருந்தாலோ, முழுதாக ஒடிக்கும்போது டயர் அதில் உரசும். உரசிய இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். ஒரு கிளிப் போட்டால் தீர்ந்துவிடக்கூடிய இந்தக் கோளாறுக்கு டயர், அலைன்மெண்ட், ஆக்சில் எல்லாம் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

நின்ற இடத்திலேயே நடுங்கினால்

முதல் சோதனையிலேயே, கார் நகராமல் நிற்கும்போதே நடுக்கம் வந்துவிட்டால், டயர், பேரிங், ஆக்சில் மூன்றையும் ஓரமாக வைத்துவிடலாம். சுழலாத பாகம் அதிராது. மிஞ்சுவது பவர் ஸ்டியரிங், எஞ்சின், ஸ்ட்ரட் மவுண்ட்.

எஞ்சினை முதலில் கழித்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்க, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 1,500 ஆர்.பி.எம். அளவில் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ஐடிலில் இருந்த நடுக்கம் இப்போது மறைந்துவிட்டால், பம்ப்பின் சுமையை எஞ்சின் ஐடிலில் தாங்க முடியாமல் திணறுகிறது. எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் அழுக்கு, தாழ்ந்த ஐடில் வேகம், எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மவுண்ட் கிழிந்திருப்பது ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் பவர் ஸ்டியரிங் பெல்ட்டும் பம்ப்பும்கூட வேகம் கூடினால் நன்றாக வேலை செய்வதுபோலத் தோன்றும். அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி எஞ்சின் மவுண்ட்டை மாற்றிவிட வேண்டாம்.

ஆயிலில் இயங்கும் பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் பக்கத்தில் அதற்கான சிறிய ஆயில் டப்பா இருக்கும். அளவுக் கோட்டைப் பாருங்கள். அதைவிட முக்கியம் ஆயிலின் முகம். நுரைத்திருந்தால் உள்ளே காற்று போகிறது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் ஆயிலின் ஆயுள் முடிந்துவிட்டது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. குழாய் இணைப்புகளையும், சக்கரங்களை இட வலமாகத் தள்ளுகிற ரேக்கின் இரண்டு முனைகளிலும் இருக்கிற ரப்பர் உறைகளையும் அழுத்திப் பாருங்கள். உறைக்குள் ஆயில் தளும்பினால் ரேக்கின் சீல் போய்விட்டது.

ஆயில் ஊற்றும்போது டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் வகையை மட்டும் ஊற்றுங்கள். சில கார்கள் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கேட்கும், சில தனி வகை கேட்கும், மாற்றி ஊற்றினால் சீல் கெடும். காற்றை வெளியேற்றும் முறை கடினமானதில்லை. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை விடுவித்து, எஞ்சினை ஓடவிடாமல் ஸ்டியரிங்கை இரு கோடிகளுக்கும் மெதுவாகப் பலமுறை திருப்பிக்கொண்டே இருங்கள். கூட ஒருவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டு, அளவு இறங்க இறங்க ஊற்றட்டும். குமிழி வருவது நின்றதும் எஞ்சினை ஓடவிட்டு இன்னும் சில தடவை திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது கீச்சென்று கத்தினால் பெல்ட்டின் இறுக்கத்தையும் தேய்மானத்தையும் பாருங்கள். எஞ்சின் நின்ற பிறகு மட்டும்.

எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கில் ஆயிலும் இல்லை, டப்பாவும் இல்லை. பேட்டரி தளர்ந்திருந்தால் அதன் மோட்டார் ஒழுங்காக உதவாது. ஆகவே பேட்டரியையும் டெர்மினலையும் முதலில் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் ஸ்டியரிங் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துத்தான் காரணம் தெரியும். எஞ்சின் கோளாறுகளை மட்டும் படிக்கிற மலிவான ஸ்கேனர் பல கார்களில் ஸ்டியரிங் பகுதியைத் தொடவே செய்யாது என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த வகையாக இருந்தாலும், ஒரு சுற்றில் இரண்டு இடங்களில் இறுகி இரண்டு இடங்களில் தளர்ந்தால், ஸ்டியரிங் கம்பியையும் ரேக்கையும் இணைக்கிற இடைத்தண்டின் ஜாயிண்ட் துருப்பிடித்து இறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்ட்ரட் மவுண்ட்: பலரும் கடைசியில் பார்ப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதன் அறிகுறிகளைப் பவர் ஸ்டியரிங்கின் தலையில் போட்டுவிடுவது மிக எளிது. ஸ்ட்ரட்டின் உச்சியில், பானெட்டைத் திறந்தால் தெரிகிற வட்டமான இடத்துக்குக் கீழே, ரப்பர் மவுண்ட்டும் ஒரு தட்டையான பேரிங்கும் இருக்கின்றன. சக்கரம் திரும்பும்போது ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும் வழுக்கிக்கொண்டு திரும்புவதற்காகத்தான் அந்தப் பேரிங். தண்ணீரும் மண்ணும் போய் அது இறுகிவிட்டால், ஸ்பிரிங்கின் அடிப்பக்கம் திரும்பும், மேல்பக்கம் திரும்பாது. ஸ்பிரிங் முறுக்கேறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பிடி விட்டுத் துள்ளித் திரும்பும். அந்தத் துள்ளல்தான் கையில் உதறலாகத் தெரிகிறது. கூடவே "டொய்ங்" என்று ஒரு சத்தமும் கேட்கும்.

சோதிக்க இருவர் வேண்டும். கார் தரையில், ஹேண்ட்பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில் நிற்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்ப, மற்றவர் வீல் ஆர்ச்சின் வழியாக ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சுருள்களுக்கு நடுவில் விரலை நுழைக்கவே கூடாது. டயருக்கும் ஆர்ச்சுக்கும் இடையில் கை சிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல மவுண்ட்டில் ஸ்பிரிங் சீராக வழுக்கித் திரும்பும். கெட்டதில் முதலில் அசையாமல் இருந்து, விரலுக்கு அடியில் திடுக்கென்று ஒரு உதை உதைக்கும். ஒருமுறை அதை உணர்ந்தவருக்கு அப்புறம் சந்தேகமே வராது. இன்னொரு அடையாளமும் உண்டு: வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வர வேண்டும். மவுண்ட் இறுகிய காரில் அது பாதியிலேயே சோம்பி நின்றுவிடும்.

இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான கார்களில் மவுண்ட்டை மாற்ற ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்ட வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங் கைநழுவினால் உயிருக்கே ஆபத்து. ஒர்க்ஷாப்பில் கொடுத்து, மவுண்ட்டையும் பேரிங்கையும் சேர்த்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்வது நல்லது.

மெதுவாக ஒடித்துப் போகும்போது

வட்டம் போடும்போது டக், டக், டக் என்று சீராகச் சத்தமும் அதிர்வும் வந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வேகமாகி, காலை எடுத்தால் அடங்கினால், அது ஆக்சிலின் சக்கரப் பக்க முனையில், மடங்கிய கோணத்திலும் சுழலவிடுகிற வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட். பெரும்பாலும் வளைவின் வெளிப்பக்கத்தில் இருக்கிற ஜாயிண்ட்தான் கத்தும். இடப்பக்கம் திருப்பினால் வலது, வலப்பக்கம் திருப்பினால் இடது. உறுதிப்படுத்த, ஜாயிண்டை மூடியிருக்கிற ரப்பர் உறையை, அதாவது பூட் என்பதைப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் உள்ளிருந்த கிரீஸ் சுழற்சியில் தெறித்து, ரிம்மின் உட்புறத்திலும் ஷாக் அப்சார்பரிலும் கறுப்பாக வட்டமாக அப்பியிருக்கும்.

பூட் இப்போதுதான் கிழிந்திருக்கிறது, சத்தம் இன்னும் வரவில்லை என்றால், ஜாயிண்டைக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்துப் புது பூட் போட்டால் போதும். சத்தம் தொடங்கிய பிறகு கிரீஸ் வைப்பதில் பயனில்லை, ஜாயிண்டையோ முழு ஆக்சிலையோ மாற்றத்தான் வேண்டும். நேராகப் போகும்போதே ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்பக்கம் முழுவதும் குலுங்குகிறது என்றால், கியர்பாக்ஸை ஒட்டியிருக்கிற உட்பக்க ஜாயிண்டைச் சந்தேகப்படுங்கள்.

நாலு சக்கர இயக்கம் உள்ள வண்டியில், அந்த லீவரையோ பட்டனையோ போட்டபடி காய்ந்த தார்ச்சாலையில் ஒடித்தால் வண்டி இழுத்து இழுத்து நடுங்கும். முன், பின் ஆக்சில்கள் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருப்பதுதான் காரணம். இரண்டு சக்கர இயக்கத்துக்கு மாற்றினால் நின்றுவிடும். அகலமான டயர் போட்ட கார்களில், வழவழப்பான தரையில் முழுதாக ஒடிக்கும்போது டயர் லேசாக வழுக்கித் துள்ளுவதும் கோளாறு இல்லை. கரடுமுரடான தரையில் அது வராமல் இருந்தால் விட்டுவிடலாம்.

வேகமான வளைவில் நடுங்கினால்

வீல் பேரிங்கை முதலில் காது பிடிக்கும், பிறகுதான் கை. வேகத்தோடு ஏறுகிற ஒரு தொடர் உறுமல். வலப்பக்கம் வளையும்போது உறுமல் கூடி, இடப்பக்கம் வளையும்போது குறைந்தால், எடை ஏறுகிற இடது பேரிங்கைப் பார்க்க வேண்டும். தேய்ந்த டயரும் உறுமும். ஆனால் அது வளைவின் திசைக்கு ஏற்ப இவ்வளவு தெளிவாக மாறாது.

இப்போது ஜாக்கிக்கு வேலை. சமமான, கெட்டியான தரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கி மட்டும் தாங்குகிற காருக்கு அடியில் தலையையோ கையையோ விடக் கூடாது. டயரின் மேலேயும் கீழேயும், அதாவது கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில், பிடித்து உள்ளேயும் வெளியேயுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், கூட இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். மிதித்தும் தொடர்ந்தால் கீழே உள்ள பால் ஜாயிண்ட்டோ, சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷோ. அடுத்து 3, 9 இருக்கும் இடங்களைப் பிடித்து ஆட்டுங்கள். அங்கே மட்டும் லொட லொட என்றால் டை ராட் எண்ட் அல்லது அதற்கு உட்பக்க ஜாயிண்ட். ஆட்டம் எதுவும் இல்லாவிட்டால், ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தை மறு கையால் சுழற்றுங்கள். கெட்ட பேரிங்கின் சுரசுரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும்.

டை ராட் எண்டைத் தரையில் நிற்கிற காரிலும் சோதிக்கலாம். உண்மையில் அதுதான் நம்பகமானது, ஏனென்றால் எடை சக்கரத்தின் மேல் இருக்கிறது. ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சில விரல்கடை மட்டும் வேகமாக ஆட்ட, மற்றவர் ஜாயிண்டின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். தண்டு அசைந்த பிறகு கொஞ்சம் தாமதித்து, சக்கரத்தைத் தாங்குகிற நக்கிள் அசைந்தால், அந்த இடைவெளிதான் தேய்மானம்.

பேரிங் மாற்ற, அதை அழுத்தி ஏற்றுகிற பிரஸ் இயந்திரம் தேவைப்படும் கார்கள் உண்டு. ஏபிஎஸ் உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் பொருத்தினால் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும். வேலை தொடங்கும் முன்பே மெக்கானிக்கிடம் இதைக் கேட்டுவிடுவதில் தவறில்லை.

டை ராட் எண்டைக் கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர் தாமே மாற்றலாம். லாக் நட்டைத் தளர்த்தி, பழையது எத்தனை சுற்றில் கழன்று வருகிறது என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். ஜாயிண்டை நக்கிளில் பிடிக்கிற நட்டு கழலாமல் காக்கும் காட்டர் பின்னையோ, தானே பூட்டிக்கொள்ளும் வகை நட்டையோ பழையதை மறுபடி போடாதீர்கள். எவ்வளவு கவனமாக எண்ணினாலும், அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும்.

லோயர் ஆர்ம் புஷ் மாற்றும்போது ஒரு நுணுக்கம். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ்ஷின் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சீக்கிரமே கிழிந்துவிடும். எடை சக்கரத்தில் ஏறிய நிலையில்தான் கடைசி இறுக்கு. அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிற படி இது.

பிரேக் தொட்டால் மட்டும்

வளைவில் பிரேக் மிதித்தால் மட்டும் உதறினால் டிஸ்க்கைப் பாருங்கள். டிஸ்க்கின் தடிமன் ஒரே சீராக இல்லாமல் போனால் பிரேக் பேட் ஏறி இறங்கி ஸ்டியரிங்கை உலுக்கும். பிரேக்கைத் தொடாமலேயே ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால், பேட்களை அழுத்துகிற காலிப்பர் சிக்கியிருக்கிறது. தொட்டுப் பார்க்காதீர்கள், புறங்கையைக் கொஞ்சம் தள்ளிக் காட்டினாலே வெக்கை தெரியும். ஒரு வளைவு முடிந்ததும் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால், தளர்ந்த வீல் பேரிங் டிஸ்க்கைச் சாய்த்து, பேட்களைப் பின்னால் தள்ளுகிறது. அப்போது பிரேக்கை விட்டுவிட்டு முதலில் பேரிங்கைக் கவனியுங்கள்.

ஒர்க்ஷாப்பில், அப்புறம் வேலை முடிந்த பிறகு

எழுதி வைத்த தாளைக் கொண்டுபோங்கள். எந்தப் பாகம் போய்விட்டது என்று சொல்கிறார்களோ, அதன் ஆட்டத்தைக் காரைத் தூக்கியபடி உங்கள் கையால் தொட்டுப் பார்க்கக் கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார். ஒரே நேரத்தில் நாலு பாகம் மாற்றச் சொன்னால், எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துக் கேளுங்கள். நிச்சயமானதை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்பது உங்கள் உரிமை. ஆட்டம் கண்ட பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் மட்டும் விதிவிலக்கு. அவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலை முடிந்ததும், முன்பு செய்த அதே நான்கு சோதனைகளை அதே இடத்தில், அதே வரிசையில் செய்யுங்கள். ஒன்று தீர்ந்து இன்னொன்று மிஞ்சியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பழைய காரில் இரண்டு காரணங்கள் சேர்ந்தே இருப்பது சகஜம். சக்கர நட்டுகளை நட்சத்திர வடிவில், எதிரெதிராக, காரின் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஏர் கன்னால் மட்டும் இறுக்கியிருந்தால், டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, டயர் ஆறியிருக்கும்போது, நட்டுகளை மறுபடி ஒருமுறை அதே அளவுக்குப் பார்த்துவிடுங்கள்.